மோதிரத்துக்குச் சான்றா, கடைக்குச் சான்றா? 'பொறுப்பான நகை' முத்திரை பற்றி என் விமர்சனம்

மோதிரம் அழகாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைப்பாடு சுத்தம், கல் பதித்த விதமும் நன்றாக இருக்கிறது, விரலில் உறுத்தவில்லை. ஆனால் இந்த விமர்சனம் அதைப் பற்றியதல்ல. ஏறக்குறைய இதே மாதிரியில் இருந்த வேறு நாலைந்து மோதிரங்களை விட்டுவிட்டு இதை எடுத்ததற்கு ஒரே காரணம்தான்: இணையதளத்தில் மோதிரப் படத்துக்குக் கீழேயே ஒரு சின்ன முத்திரை இருந்தது. பொறுப்பான முறையில் பெறப்பட்டது, சுயாதீனத் தணிக்கை செய்யப்பட்டது என்று. அந்த வார்த்தைகளை நம்பித்தான் கூடுதல் பணம் கொடுத்தேன். அப்படியென்றால் நான் வாங்கியதில் பாதி அந்த முத்திரைதானே? அதற்குத்தான் இந்த விமர்சனம்.

பெட்டியில் வைரத்தின் தரச் சான்றிதழ் இருந்தது, தங்கத்தில் ஹால்மார்க் இருந்தது, ரசீதின் அடியில் 'இந்த வைரம் மோதல் பகுதிகளிலிருந்து வந்ததல்ல' என்று ஒரு வரி இருந்தது. பலரும் இங்கேயே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஹால்மார்க் சொல்வது தங்கத்தின் மாற்று, அதாவது தூய்மை, எவ்வளவு என்பதை மட்டும். தரச் சான்றிதழ் சொல்வது நிறம், தெளிவு, எடை, பட்டை. யார் தோண்டினார்கள், தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தும் பாதரசம் எந்த ஆற்றில் கலந்தது, குழிக்குள் இறங்கியவர் பெரியவரா சிறுவரா என்பதெல்லாம் உரைகல்லில் தெரியாது. தங்கத்தை ஒருமுறை உருக்கிவிட்டால் அதன் பூர்வீகம் அதோடு போயிற்று. அதனால்தான் இந்தத் தொழிலில் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு, காகிதத்தை யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கும் அதே அளவு மதிப்பு கொடுக்க வேண்டும்.

கடைக்கு எழுதிக் கேட்டேன்: இந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது? நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, 'நாங்கள் ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சிலின் சான்று பெற்ற உறுப்பினர்' என்று. நல்லது, ஆனால் நான் கேட்டது தங்கத்தைப் பற்றி என்று மறுபடி எழுதினேன். அதே வாக்கியம் திரும்ப வந்தது. மூன்றாவது தடவைதான் நேர்மையான பதில் வந்தது: 'எங்கள் சப்ளையரிடமிருந்து வாங்குகிறோம், அதற்கு முந்தைய விவரம் எங்களிடம் இல்லை.' பதில் எழுதிய ஊழியர் மரியாதையாகத்தான் எழுதினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்த முத்திரையை மோதிரப் படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்த முடிவின் மேல்தான்.

ஏன் என்றால், அந்தக் கவுன்சிலுக்கு இரண்டு தனித்தனித் தரநிலைகள் இருக்கின்றன. 2005-இல் நகைத் தொழிலைச் சேர்ந்த 14 அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. முதல் தரநிலை நடத்தை விதித்தொகுப்பு, உறுப்பினர் எல்லோருக்கும் கட்டாயம். இது கம்பெனியைப் பார்க்கிறது: சம்பளம், வேலை நேரம், குழந்தைத் தொழிலாளர், பாதுகாப்பு, லஞ்சம், சப்ளையர்களைப் பற்றிய ஆபத்துகளை விசாரித்தார்களா என்பதெல்லாம். வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து பார்க்கிறார், சான்று பொதுவாக மூன்று வருடத்துக்குச் செல்லும். இரண்டாவது, கைமாறும் சங்கிலித் தரநிலை. இது உலோகத்தைப் பின்தொடர்கிறது: சான்று பெற்ற தங்கத்தை மற்ற தங்கத்தோடு கலக்காமல் வைத்தார்களா, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆவணம் இருக்கிறதா என்று. இந்த இரண்டாவதில் சேருவது அவரவர் விருப்பம். என் கடைக்காரரிடம் இருந்தது முதலாவது மட்டும். அதாவது சான்று கடைக்கு, மோதிரத்துக்கு அல்ல. படத்துக்குக் கீழே அந்த முத்திரையைப் பார்க்கும் யாரும் மோதிரத்துக்கு என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தரநிலை வீண் என்று சொல்ல வரவில்லை. பட்டை தீட்டும் பட்டறையில் கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வருவது உண்மையான பிரச்சினை. வெளியாள் ஒருவர் வந்து தூசி உறிஞ்சும் கருவி ஓடுகிறதா, சம்பளப் பதிவேடு சரியா, தொழிலாளியிடம் தனியாகப் பேசினால் அதே கதையைச் சொல்கிறாரா என்று பார்த்தால் யாரோ ஒருவருக்கு மூச்சு மிஞ்சும். 2019-இல் அந்த விதித்தொகுப்பைத் திருத்தியபோது வெள்ளியையும், மாணிக்கம், நீலம், மரகதம் போன்ற வண்ணக் கற்களையும் உள்ளே கொண்டுவந்ததும் நல்ல முன்னேற்றம். அதற்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் 'சுயாதீன' என்ற சொல்லிடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தணிக்கையாளரை அங்கீகரிப்பது திட்டத்தை நடத்தும் அமைப்பு. அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரைப் பிடித்து, கூலி கொடுத்து, தேதி பேசி வரவழைப்பது யார் என்றால் தணிக்கைக்கு உள்ளாகும் கம்பெனியேதான். கறாராக எழுதினால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்பது தணிக்கையாளருக்குத் தெரியும். வேலிக்கு ஓணான் சாட்சி ஆகிவிடக்கூடாது, ஆனால் ஆக வைக்கும் ஏற்பாடு இது. எல்லாத் தணிக்கையாளரும் விலைபோகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதே தவறு என்கிறேன். நகைத் தொழிலுக்கு வெளியே ஒரு சுரங்கக் கதையே இதற்குப் போதும். பிரேசிலில் ப்ரூமாடின்யோ இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், சுரங்க நிறுவனம் காசு கொடுத்து அமர்த்திய தணிக்கை நிறுவனம் ஒன்று, அணை உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்திருந்தது.

இன்னொரு குறை, முழுத் தணிக்கை அறிக்கையை நம்மால் படிக்க முடியாது. கவுன்சிலின் தளத்தில் யாருக்குச் சான்று, எதுவரைக்கும், எந்த இடங்களுக்கு என்று பார்க்கலாம். தணிக்கையாளர் எதைக் குறை என்று எழுதினார், அது சரிசெய்யப்பட்டதா என்பது வெளியே வருவதில்லை. பெரிய சுரங்கங்களுக்கென்று ஐ.ஆர்.எம்.ஏ. என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் கம்பெனிகளோடு தொழிற்சங்கங்களுக்கும் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழும் மக்களுக்கும் முடிவெடுப்பதில் இடம் உண்டு, தணிக்கை அறிக்கையையும் வெளியிடுகிறார்கள். எங்கே மதிப்பெண் குறைந்தது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அறிக்கையை வெளியிட முடியவே முடியாது என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

தொழிலே தன்னைத் தானே ஆளும்போது என்ன நடக்கும் என்பது 2022-இல் தெரிந்தது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகும், ரஷ்ய அரசு பெரும் பங்கு வைத்திருக்கும் வைரச் சுரங்க நிறுவனமான அல்ரோசா விஷயத்தில் கவுன்சில் உடனே கறாராக நடந்துகொள்ளவில்லை. அந்த மார்ச் மாதக் கடைசியில் பண்டோரா என்ற பெரிய நகை நிறுவனம் கவுன்சிலிலிருந்து வெளியேறியது, ரிஷ்மோன், கெரிங் போன்ற பெரிய ஆடம்பரப் பொருள் குழுமங்களும் விலகின, கவுன்சிலின் நிர்வாக இயக்குநரும் பதவி விலகினார். அதன் பிறகு அல்ரோசா உறுப்பினராக இல்லை. விதிப்புத்தகம் மாறவே இல்லை, பெரிய வாடிக்கையாளர்கள் கதவைச் சாத்திய பிறகுதான் காரியம் நடந்தது. வாங்குபவர் கேள்வி கேட்டால் பலன் உண்டு என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ரசீதில் இருந்த அந்த வைர வரிக்கு வருகிறேன். கிம்பர்லி நடைமுறை 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரத்தை எல்லை தாண்டி அனுப்பும்போது அரசு கொடுக்கும் சான்று அது. அங்கோலாவிலும் சியரா லியோனிலும் வைரக்காசில் நடந்த போர்களின் கொடுமையைப் பார்த்த பிறகு பிறந்தது, அந்த அளவுக்கு அது தேவையான வேலையைச் செய்தது. ஆனால் 'மோதல் வைரம்' என்பதற்கு அது வைத்திருக்கும் வரையறை மிகக் குறுகியது: கிளர்ச்சிப் படைகள் சட்டபூர்வ அரசுக்கு எதிராகப் போர் நடத்தப் பணம் திரட்டும் வைரம் மட்டும்தான் அதில் அடங்கும். அரசுப் படையே கொன்றால்? ஜிம்பாப்வேயின் மராங்கே வைர வயல்களில் 2008 இறுதியில் ராணுவம் புகுந்து இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதாக மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்திருக்கிறது. வரையறைப்படி அது மோதல் வைரம் ஆகாது. இந்தத் திட்டம் உருவாகவே காரணமாக இருந்த அமைப்புகளில் ஒன்றான குளோபல் விட்னஸ் 2011-இல் மனம் வெறுத்து வெளியேறியது. பட்டை தீட்டிய பிறகு அரசுச் சான்றும் கிடையாது. ரசீதில் விற்பவர் எழுதும் அந்த ஒரு வரி அவருக்கு விற்றவர் எழுதிக் கொடுத்ததை நம்பியது, அவருடையது அவருக்கு முந்தையவரை நம்பியது. அந்த வரி பொய் என்று நான் சொல்லவில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்பிய எதையும் அது சொல்லவில்லை.

'மறுசுழற்சித் தங்கம்' பற்றி இரண்டு வரி. பல கடைகள் இப்போது இதைத்தான் பெரிதாகப் போடுகின்றன. பழைய நகையை அழித்துப் புதிது செய்வது தங்கத்துக்கு எப்போதும் நடப்பதுதான், யாரும் தங்கத்தைக் குப்பையில் போடுவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது 'பழையது' ஆனது? நேற்று தோண்டிய தங்கத்தை அவசரமாக ஒரு வளையமாக அடித்து, உடனே உருக்கினாலும் காகிதத்தில் பழையது என்று எழுத முடியும்.

நான் பார்த்ததில் மோதிரத்தோடு நெருக்கமாகப் பேசிய சான்றுகள் ஃபேர்மைன்ட், ஃபேர்ட்ரேட் இரண்டும். தங்கத்துக்கான சான்றாக 2011-இல் ஒன்றாக ஆரம்பித்து 2013-இல் பிரிந்தவை. இரண்டும் சிறு சுரங்கத் தொழிலாளர் அமைப்புகளுக்கானவை. இந்த வகைச் சுரங்கங்களைக் கைவிடுவது எளிது, பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன, ஆபத்து அதிகம் என்று வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் தங்கச் சுரங்க வேலையில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் இங்கேதான் இருக்கிறார்கள். மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது. விட்டுவிட்டுப் போனால் பாதரசம் நிற்காது, கடத்தல்காரரிடம் விலை இன்னும் குறையும், அவ்வளவுதான். ஃபேர்மைன்ட் தங்கத்துக்குச் சந்தை விலையை ஒட்டிய குறைந்தபட்ச விலைக்கு மேல் கிலோவுக்கு 4,000 டாலர் ஊக்கத்தொகை அந்தச் சுரங்க அமைப்புக்குப் போகிறது, பாதரசமே இல்லாமல் எடுத்தால் 6,000. ஃபேர்ட்ரேடில் 2,000. பணம் எங்கே போகிறது என்று எண்ணில் சொல்லும் முத்திரை எனக்குப் பிடிக்கிறது.

இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபேர்மைன்டிலேயே இரண்டு வழி உண்டு. ஒன்றில் அந்தத் தங்கம் தனியாகவே கைமாறி உங்கள் நகைக்கு வருகிறது, நகையில் முத்திரை குத்தலாம். மற்றதில் அவ்வளவு எடை வாங்கப்பட்டுப் பொதுத் தங்கத்தில் கலந்துவிடுகிறது. சுரங்கத்துக்குப் பணம் போய்ச் சேர்கிறது, உங்கள் கையில் இருப்பது அதே தங்கம் அல்ல. இரண்டாவதும் தப்பில்லை, வெளிப்படையாகச் சொன்னால் போதும். பெரிய குறை அளவுதான். உலகச் சுரங்கங்களிலிருந்து வருடத்துக்கு 3,000 டன்னுக்கு மேல் தங்கம் வருகிறது, அதில் இந்தச் சான்று பெற்றது ஒரு துளி.

அப்புறம் நான் என்ன செய்தேன்? ஜோடி மோதிரத்தில் இரண்டாவதை வேறு ஒரு சிறிய பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் முதல் பதிலிலேயே சுரங்க அமைப்பின் பெயரையும் நாட்டையும் சொன்னார்கள், தனியாகக் கைமாறிய தங்கம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். தாமதமானது, நான் கேட்ட நிறத்தில் கிடைக்கவில்லை. கல்லைப் பற்றிக் கேட்டபோது, 'எந்த நாடு என்பது வரை சொல்கிறோம், எந்தச் சுரங்கம் என்று எங்களால் உறுதி தர முடியாது' என்றார்கள். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்ததிலேயே நம்பிக்கை கொடுத்த பதில் அதுதான்.

முதல் கடையின் மோதிரத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அதைச் செய்த கைகள் நன்றாகச் செய்திருக்கின்றன. கைவேலைக்கு ஐந்துக்கு ஐந்து, முத்திரைக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பட்டறைத் தொழிலாளருக்காக. முத்திரையைப் படத்துக்குக் கீழிருந்து எடுத்து 'எங்களைப் பற்றி' பக்கத்தில் வையுங்கள், எது சான்று பெற்றது என்று ஒரு வரி எழுதுங்கள் என்று அவர்களுக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.