டிடி-830டி மஞ்ச மல்டிமீட்டர்: ஓம், வாட் கணக்குக்கு இது போதுமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்க பக்கம் போன எல்லாரும் வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்குற இந்த மீட்டரை பாத்திருப்பீங்க, உள்ளங்கை சைஸ்ல மஞ்ச கலர்ல, நடுவுல பெரிய திருகு, சிவப்பு கருப்பு ரெண்டு வயர். பல பேர் ஒரே டிசைன்ல போட்டு விக்கிறாங்க, அதனால இது ஒரு குறிப்பிட்ட கம்பெனி பத்தின ரிவ்யூ இல்ல. விலை இருநூறு ரூபா பக்கம். வீட்ல சின்ன சின்ன ரிப்பேர் பாக்குறவங்க, பத்தாவது பிசிக்ஸ்ல ஓம் விதி படிக்கிற பசங்க, இவங்களுக்கு தாராளமா வாங்கி கொடுக்கலாம்னு தான் நான் சொல்வேன், ஆனா எந்த கணக்குக்கு இதை நம்பலாம் எதுக்கு நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சிக்கணும்.

கணக்கு என்னமோ சிம்பிள் தான். வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம் (ரெசிஸ்டன்ஸ்), ரெண்டையும் பெருக்கினா வாட் (பவர்). இந்த மீட்டர்ல ஆம்பியர் டிசில (பேட்டரி கரண்ட்) மட்டும் தான் பாக்க முடியும், ஏசி (வீட்டு கரண்ட்) ஆம்பியர் ரேஞ்சே கிடையாது. அதனால வீட்டு கரண்ட்ல ஓடுற பொருளுக்கு நேரா ஆம்பியர் பாத்து வாட் கணக்கு போடலாம்னு நினைச்சு வாங்காதீங்க.

ஆனா ஹீட்டர் வகைக்கு ஒரு வழி இருக்கு. அயர்ன் பாக்ஸ் ப்ளக்கை கழட்டி கையில எடுத்துக்கோங்க, தெர்மோஸ்டாட்டை (சூடு கூட்டி குறைக்கிற குமிழ்) ஃபுல்லா திருப்பி வச்சிட்டு, மீட்டரை 200 ஓம் ரேஞ்சுல போட்டு ப்ளக்கோட ரெண்டு சின்ன பின்லயும் ப்ரோப் (மீட்டர் வயரோட கூர் முனை) வைங்க. எங்க வீட்டு பாக்ஸுக்கு 54.1 காட்டுச்சு. ப்ரோப் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட வச்சா 0.8, அது வயரோட ரெசிஸ்டன்ஸ், அதை கழிச்சிட்டா 53.3 ஓம். வோல்ட்டை வோல்ட்டாலயே பெருக்கி ஓமால வகுத்தாலும் வாட் தான் வரும். வீட்டு வோல்டேஜ் 230, அந்த 230ஐ 230ஆல பெருக்கினா 52900, இந்த நம்பரை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க ரொம்ப உதவும், அதை 53.3ஆல வகுத்தா 992 வாட். பாக்ஸ்ல 1000ன்னு போட்டிருக்கு. கரண்டே கொடுக்காம இவ்ளோ கிட்ட வருது பாருங்க! உள்ள இருக்கிறது நிக்ரோம் கம்பி, சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது, அதனால தான் இது ஒர்க் ஆகுது. மீட்டர்ல இடது ஓரத்துல வெறும் 1 மட்டும் நின்னா காயிலோ, வயரோ, தெர்மோஸ்டாட்டோ எங்கயோ கட் ஆகியிருக்குன்னு அர்த்தம்.

இதே கணக்கை வச்சு இன்னொரு விஷயமும் புரியும். 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடுக்கு 35.3 ஓம் வரும். சாயங்காலம் வோல்டேஜ் 205க்கு இறங்கிடுச்சுன்னா அதே ராட் 1190 வாட் தான் இழுக்கும், வோல்டேஜ் பத்துல ஒரு பங்கு குறைஞ்சா பவர் அஞ்சுல ஒரு பங்கு போயிடுது. தண்ணி லேட்டா சூடாகுதுன்னு ராடை குறை சொல்றதுக்கு முன்னாடி வோல்டேஜை பாருங்க.

குண்டு பல்புக்கு மட்டும் இந்த வழி வேணவே வேணாம். பைக் இண்டிகேட்டர் 12 வோல்ட் 10 வாட் பல்பை எடுத்து சும்மா அளந்தா ஒன்றரை ஓம் கிட்ட வரும், அதை வச்சு கணக்கு போட்டா 96 வாட்! எரிய விட்டு பாத்தா 12.3 வோல்ட், 0.85 ஆம்பியர், அதாவது 14.5 ஓம், 10.5 வாட். டங்ஸ்டன் இழை எரியும்போது கிட்டத்தட்ட பத்து மடங்கு ரெசிஸ்டன்ஸ் ஏறிடுது, பசங்களுக்கு இதை நேர்ல காட்டுங்க, புக்ல படிக்கிறதை விட நல்லா மனசுல நிக்கும். வோல்டேஜை பேட்டரில பாக்காம பல்பு காலுக்கு நேரா பாக்கணும், வயர்லயும் கொஞ்சம் வோல்ட் போயிடும். வோல்ட் ஆம்பியர் ரெண்டும் ஒரே நேரத்துல பாக்க ரெண்டு மீட்டர் வேணும், இந்த விலைக்கு ரெண்டாவே வாங்கிடலாம்.

மிக்ஸி, ஃபேன், ஃப்ரிட்ஜ், எல்இடி பல்புக்கு எல்லாம் ஓம் பாத்து வாட் சொல்லவே முடியாது. அதுக்கு பவர் ஃபேக்டரும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வர்றதுல எவ்ளோ பங்கு நிஜ வாட்டுங்கிற கணக்கு) சேத்து காட்டுற ப்ளக் டைப் வாட் மீட்டர் தனியா வாங்கணும்.

குறைன்னு பாத்தா முதல்ல அந்த 10 ஆம்பியர் ஓட்டை. அதுல ஃப்யூஸ் கிடையாது, மீட்டர் மேலயே எழுதியிருக்கும். ஆம்பியர் பாத்து முடிச்ச உடனே சிவப்பு வயரை உருவி நடு ஓட்டைக்கு மாத்திடுங்க, மறந்துபோய் அப்படியே ப்ளக் பாயிண்ட்ல வச்சா நேரா ஷார்ட், கையிலயே வெடிக்கும். மெயின் போர்டு, த்ரீ ஃபேஸ் பக்கம் இதை எடுத்துட்டே போகாதீங்க, அந்த மெல்லிசு வயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்த தைரியம் பத்தாது.

ரெண்டாவது மீட்டருக்குள்ள இருக்கிற 9 வோல்ட் பேட்டரி. அது இறங்க இறங்க ரீடிங் குறையாது, கூடும், 12.3 இருக்க வேண்டிய இடத்துல 13க்கு மேல காட்ட ஆரம்பிக்கும், பாத்தா நாம அளக்குற பேட்டரி நல்லா இருக்குன்னு தோணிடும். ஓம் விதியை கண்டுபிடிச்ச ஓம் அய்யாவே 1826ல சோதனை பண்றப்ப பேட்டரி நிலையா இல்லைன்னு அதை விட்டுட்டு பிஸ்மத் செம்பு வச்ச தெர்மோகப்பிளுக்கு (ரெண்டு உலோகத்தை சேத்து சூட்டுல இருந்து கரண்ட் எடுக்குற அமைப்பு) மாறினவர், அதனால அளவு எடுக்குறப்ப பேட்டரில கஞ்சத்தனம் வேணாம்.

வாங்குறப்ப 830பி இல்லாம 830டி தானான்னு பாருங்க, டில தான் பஸ்ஸர் (வயர் கட் ஆகாம இருந்தா பீப்னு கத்துறது) இருக்கு. கடையிலயே ப்ரோப் ரெண்டையும் தொட வச்சு 200 ஓம்ல பாருங்க, நம்பர் ஒரு இடத்துல நிக்காம ஆடுச்சுன்னா வேற பீஸ் எடுக்க சொல்லுங்க, புது 9 வோல்ட் பேட்டரி ஒண்ணும் கையோட வாங்கிடுங்க.