6 ஆம்பியர் பிளக்கில் கேரவன்: எந்த இன்வெர்ட்டர் உதவும்?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் கன்னியாகுமரி நிரம்பி வழியும்போது, கேரவனில் வருபவருக்கு விடுதி வளாகத்தில் இடம் கிடைப்பதே அரிது. மின்சாரத்துக்குச் சுவரிலுள்ள 6 ஆம்பியர் பிளக் பாயிண்டைக் காட்டினால் அதையும் ஏற்கத்தான் வேண்டும். 230 வோல்ட்டில் அதன் எல்லை 1,380 வாட். 1,000 வாட் இழுக்கும் ஏ.சி. ஓடுகையில் 1,200 வாட்டில் இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால், சற்று நேரத்தில், அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்துவிடும்.

வீடுகளில் உள்ள சாதாரண இன்வெர்ட்டர் இங்கே பயன்படாது. கரண்ட் இருக்கும்வரை அதை அப்படியே கடத்தி, போனபின் பேட்டரிக்கு மாறும் அக்கருவி, இரண்டையும் ஒருசேரத் தருவதில்லை; போதாததற்கு, பேட்டரியை ஏற்றவும் அதே பிளக்கிலிருந்தே இழுக்கிறது.

விக்ட்ரான் மல்டிபிளஸ் போன்ற, சார்ஜரும் இன்வெர்ட்டரும் இணைந்த கருவிகளோ வெளி மின்சாரத்தின் அலையோடு ஒத்திசைந்து, குறைவதை மட்டும் பேட்டரியிலிருந்து சேர்க்கின்றன. எல்லையை 5 ஆம்பியர் என்று அமைத்தால் வெளியிலிருந்து 1,150 வாட்டுக்கு மேல் வராது. அடுப்பைப் போட்டதும் கருவி முதலில் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். பிறகு மிச்சமுள்ள 1,050 வாட்டைப் பேட்டரி தரும். கால் மணி நேரச் சமையலுக்கு, இழப்பையும் சேர்த்து, சுமார் 300 வாட்-மணி செலவாகும், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இது கால்பங்குக்கும் குறைவு. அடுப்பை அணைத்தபின் மிஞ்சும் 150 வாட்டில் அதை ஈடுகட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்பதையும் மறக்கலாகாது. ஏ.சி.யின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் இதே கருவி தாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் மெல்ல வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் வகை ஏ.சி. வைத்திருப்பவருக்கு அந்தத் தொல்லையே குறைவு.

ஆனால் இரண்டு ஏ.சி.யை இரவெல்லாம் ஓட்டுபவருக்கு இதுவும் உதவாது, ஏனெனில் சராசரிச் செலவே எல்லையைத் தாண்டும்போது பேட்டரி விடியுமுன் தீர்ந்துவிடும். அங்கே ஜெனரேட்டர் வேலை செய்யும். சூரிய உதயம் பார்க்க எழவேண்டியவர்கள் உறங்கும் வளாகத்தில் அந்த இரைச்சலை யார் பொறுப்பார்கள்? ஆகவே 16 ஆம்பியர் பாயிண்ட் உண்டா என்று விடுதியில் முதலில் கேட்பதே நல்லது. எங்கும் அது கிடைக்குமெனில், 3,680 வாட் வரை தாங்குமாதலால், விலையுயர்ந்த கருவி வீண்செலவு என்பதே என் கருத்து. மெல்லிய, நீண்ட வயரை மட்டும் தவிர்க்க வேண்டும்.

துணைதரும் இன்வெர்ட்டரையே தேர்ந்தெடுத்தால், 12 வோல்ட் பக்கத்தில் ஏறக்குறைய 100 ஆம்பியர் ஓடும் என்பதால் தடித்த கேபிள் அவசியம். முட்டம், குளச்சல் போன்ற கடலோரங்களில் அடிக்கடி தங்குபவர்கள், உப்புக்காற்றில் அரித்த முனைகள் அந்த மின்னோட்டத்தில் சூடேறும் என்பதால், அவற்றைத் துடைத்து இறுக்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.