55 கேலன் மான் ஃபீடர்: வாங்கும் முன் வேலிக் காசையும் கணக்கில் சேருங்கள்

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே தனியார் நிலத்தில் மக்காச்சோளம் இறைத்து மானை வரவழைத்து, லைசென்ஸோடு சீசனில் சுடுவது சட்டப்படி சரி. இந்தியாவில் செய்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில்தான். அங்கே யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

லானோ ஊர்ப் பக்கம் நண்பர்களோடு வேட்டைக்கு லீஸ் எடுத்திருக்கும் நிலத்துக்காக, சோளம் இறைக்கும் இந்த ஃபீடரை வாங்கினோம். மூன்று கால், மேலே பீப்பாய், அடியில் சுழலும் தட்டு, டைமர், 6 வோல்ட் பேட்டரி, கையகல சோலார் தகடு. விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாயும் முன் ஒருமுறை சில நொடி சுழன்று சோளத்தை வட்டமாக வீசும். டைமர் அருமை, ஒருநாள்கூடப் பிசகவில்லை. பழகிவிட்ட பெண் மான்கள் மோட்டார் சத்தம் கேட்டதுமே புதரிலிருந்து இறங்கி வந்துவிடுகின்றன. கொம்பு பெருத்த ஆண் மான் அப்படியெல்லாம் ஏமாறாது. இருட்டிய பிறகுதான் அது வருவது கேமராவில் தெரிகிறது. நவம்பரில் இணை தேடும் காலம் வந்தால்தான் பெண் மான் பின்னாலேயே பகலில் தலை காட்டும். ஓக் மரங்கள் காய் கொட்டும் வாரங்களில் சோளத்தை எதுவும் சீந்தாது, அதற்கு ஃபீடரைக் குறை சொல்லிப் பயனில்லை.

குறை வேறு இடத்தில். மோட்டாரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கொடுக்கவில்லை, தனியாக வாங்கச் சொல்கிறார்கள். கூண்டு இல்லாவிட்டால் ரக்கூன் என்ற சிறு விலங்கு தொங்கிக்கொண்டு தட்டைக் கையால் சுற்றியே பீப்பாயைக் காலி செய்துவிடும். அடுத்தது காட்டுப்பன்றி. கூட்டமாக வந்து ஃபீடரின் காலை முட்டிச் சாய்க்கப் பார்க்கும். சுற்றிலும் 34 அங்குல உயரத்தில் பன்றி வேலி போட்டோம். மான் தாண்டிவிடும், பன்றியால் முடியாது. வேலி, கூண்டு எல்லாம் சேர்த்தால் பெட்டியில் போட்டிருக்கும் விலையை மறந்துவிட வேண்டியதுதான்.

சோளம் 50 பவுண்டு மூட்டையாகக் கிடைக்கிறது. அஃப்ளடாக்சின் (பூஞ்சை உண்டாக்கும் நச்சு) பரிசோதனை செய்ததா என்று லேபிளைப் பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் மலிவு என்று எடுக்காதீர்கள், கீழே பொறுக்க வரும் காடைக்கும் வான்கோழிக்கும் அது விஷம். இன்னொன்று, மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் சிடபிள்யுடி என்ற மூளை நோய் பரவ வழி. டெக்சாஸில் 2012இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019இல் இரை வைக்கவே தடை போட்டதும் இதனால்தான். ஆகவே தொட்டியில் கொட்டுவதைவிட இப்படிச் சிதறவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபத்து இதிலும் இல்லாமல் போகாது.

பெட்டியோடு இலவசமாக ஒரு ஆப்பிள் வாசனைப் பொடியும் வந்தது. மான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வேலிக்கு வெளியே சிந்தியதைப் பன்றிதான் மண்ணோடு தோண்டித் தின்றது.

ஐந்துக்கு மூன்றரை. கூண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் நாலரை போட்டிருப்பேன்.