தொட்டில் கொக்கியில் தொங்கும் பாட்டில்: பூனைக்கு வீட்டிலேயே நீர் ஏற்றிய 14 மாதங்கள்

எங்கள் பூனை வெள்ளச்சிக்கு 12 வயது. சிறுநீரகம் பழுது என்று தெரிந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஒன்றுவிட்டு ஒரு நாள் தோலுக்கடியில் நீர் ஏற்றி வந்தோம். வீட்டில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக முடியும். ஊசி பத்து நாளில் பழகிவிட்டது. எட்டுப் பேர் புழங்கும் வீட்டில் கருவாட்டைக் காவல் காப்பதுதான் இன்றுவரை பழகவில்லை.

அங்கணத்துக் குழாயடியை விட்டு அது நகராததை முதலில் கவனித்தவள் அம்மா. சித்திரை வெயிலுக்குத் தண்ணீர் குடிக்கிறது என்று விட்டுவிட்டோம். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட பிறகே திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே 2012-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது டவுன்காரர்களுக்குப் பெரிய வசதி. சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 3.8. சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை நின்ற பிறகே இந்த எண் ஏறத் தொடங்கும் என்று மருத்துவர் சொன்னபோது, குழாயடியில் கழிந்த அந்த இரண்டு மாதங்கள் உறுத்தின.

நீர் ஏற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்களுக்குச் சொன்ன அளவு, ஒரு முறைக்கு 75 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். மருந்துக்கடையில் ஆர்.எல். என்றால் போதும். குளுக்கோஸ் பாட்டில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் எல்லா டிரிப்புக்கும் அதுதான் பெயர் என்பதால் அண்ணன் அப்படியே கேட்டு, நிஜமாகவே டெக்ஸ்ட்ரோஸ் வாங்கி வந்துவிட்டான். சர்க்கரை நீர் தோலுக்கடியில் போனால் சீழ்க்கட்டி வரலாம். லேபிளைப் படித்த மதினிக்கு நன்றி.

பட்டாசல் உத்தரத்தில், அண்ணனையும் என்னையும் போட்டு ஆட்டிய தொட்டில் கொக்கி இன்னும் இருக்கிறது. பாட்டில் அதில் தொங்கும். முன்னதாகப் பாட்டிலை வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போம். சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. பிடரிக்குக் கீழே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடியில் ஊசியைச் செருக வேண்டும். வலிக்கக்கூடாதே என்று முதலில் மெல்லிய 24 கேஜ் வாங்கினேன். அரை மணி நேரம் ஆனது; பூனையும் பொறுமை இழந்தது, நானும் இழந்தேன். அதைவிடத் தடித்த 21 கேஜில் ஏழெட்டு நிமிடத்தில் முடிகிறது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஏறிய நீர் தோளில் சின்னத் திமில்போல் நிற்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும். முதல் நாள் அலறிவிட்டேன். இரவுக்குள் வற்றிவிட்டது.

சிறுநீரக நோய்க்கான தனி உணவுதான் பெரிய செலவு. அதை வெள்ளச்சி முகர்ந்துவிட்டு, தரையை மண் தள்ளுவதுபோல் பிறாண்டி மூடப் பார்த்தது. உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக மேலே தெளித்த பிறகுதான் வாய் வைத்தது. வெங்காயம் பூனைக்கு நஞ்சு. உடம்பு சுடுகிறதே என்று அத்தை ஒரு நாள் பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். அது பூனையைக் கொன்றேவிடும்.

இனி கருவாடு. முதல் மூன்று மாதம் எத்தனை கவனமாக இருந்தும் வாந்தி நிற்கவில்லை. யார் சோறு வைத்தார்கள், யார் மாத்திரை கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் இரண்டு முறை மாத்திரை போனதும் உண்டு. தினசரி காலண்டரில் வைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பா சட்டம் போட்டார். அப்போதுதான் கையெழுத்தில்லாத ஒரு வேளை அகப்பட்டது. மத்தியானம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின், தார்சாவில் ஆச்சி நெத்திலிக் கருவாட்டைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாகப்போகிற சீவன். வாய்க்கு ருசியாகத் தின்றுவிட்டுப் போகட்டுமே" என்றாள்.

அந்த வாதத்துக்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் கிடையாது. சண்டை போட்டுப் பயனில்லாததால், நீர் ஏற்றும்போது பூனையை மடியில் பிடித்துக்கொள்ளும் வேலையை ஆச்சிக்கே கொடுத்தோம். ஊசி இறங்கும்போது அவள் கைக்குள் அது விறைப்பதை நாலு தடவை பார்த்தாள். கருவாடு நின்றது, வாந்தியும் வெகுவாகக் குறைந்தது. இப்போது நேரம் தவறினால் காலண்டரைக் காட்டி என்னை அதட்டுவது அவள்தான்.

போன வாரப் பரிசோதனையில் கிரியாட்டினின் 4.2. எடை 2.7 கிலோ. இனித் தினமும் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று ஊசியை எடுத்த பிறகும் வெள்ளச்சி மடியை விட்டு இறங்காமல் ஆச்சியின் விரல்களை நக்கிக்கொண்டே இருந்தது.

"என்ன ஆச்சி இது?" என்றேன்.

"அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் தின்றது" என்றாள். ரத்தக் கொதிப்புக்காக அவளுக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது.