லண்டன்ல லோக்கல் பப்பா, காஸ்ட்ரோபப்பா?

காஸ்ட்ரோபப்னா சாப்பாட்டுக்கு முக்கியத்துவம் குடுக்குற பப். ரெண்டுலயும் ஏலும் (ஒரு வகை பீர்) கிடைக்கும், சாப்பாடும் கிடைக்கும், ஆனா எதுக்குப் போறோம்ங்கறது வேற.

பழைய லோக்கல் பப்னா ரியல் ஏல் தான் மெயின். பீப்பாய்க்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்கும், கேஸ் ஏத்தாம கீழ நிலவறைலருந்து கைபம்பால இழுத்து ஊத்துவாங்க, 12 டிகிரி பக்கம் தான் இருக்கும், உடனே நம்மாளுங்க "என்னங்க பீர் சில்லுனே இல்ல"ன்னு மூஞ்ச சுளிப்பாங்க, ரொம்ப குளிர வச்சா மால்ட் (முளைகட்டின பார்லி), ஹாப்ஸ் (கசப்பு குடுக்குற பூ) ருசி எதுவும் தெரியாதுங்க! பீப்பாய திறந்தா மூணு நாள்ல காலி பண்ணிடணும், அதனால கூட்டம் இருக்குற பப்பா பாத்துப் போங்க, ஈ ஓட்டுற கடைல புளிச்சது தான் வரும். இந்த ஏல காப்பாத்தவே 1971ல கேம்ரானு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. சாப்பாடு? பை (உள்ள கறி மாதிரி ஏதாவது வச்சு சுட்ட பேஸ்ட்ரி), ஃபிஷ் அண்ட் சிப்ஸ், சில இடத்துல வெறும் சிப்ஸ் பாக்கெட் தான்.

காஸ்ட்ரோபப் 1991ல ஃபேரிங்டன் ரோட்ல இருக்குற தி ஈகிள்ல ஆரம்பிச்ச ட்ரெண்ட். இங்க கிச்சன் தான் ஹீரோ, ஏல் சும்மா துணைக்கு, பில்லும் கொஞ்சம் எகிறும்.

ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ரோஸ்ட் (அவன்ல வாட்டின இறைச்சி சாப்பாடு) சாப்பிடணும்னா காஸ்ட்ரோபப், முன்னாடியே புக் பண்ணிடுங்க. மத்தபடி என் ஓட்டு லோக்கலுக்கு தான். எந்த ஏல்னு புரியலன்னா பார்ல கேளுங்க, ஒரு வாய் டேஸ்ட் பாக்க குடுப்பாங்க, பிடிச்சா அரை பைன்ட்ல (சின்ன கிளாஸ்) ஆரம்பிங்க.