வீட்டுக்கு நர்ஸா, நாமே பார்ப்பதா?

நிமோனியாவில் இருந்து தேறிய குழந்தையைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: நர்ஸ் என்றால் சம்பளத்தோடு சாப்பாடு, தங்குமிடம், பயணம். நாமே என்றால் வீட்டில் ஒருவரின் வேலை போகும். இந்தக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை.

கைத்திறன்: ஊசி மருந்து, மூக்குக் குழாய், ஆக்சிஜன் தொடர்ந்தால் நர்ஸ்தான், பேச்சே இல்லை. தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சில் பதிவு உண்டா என்று கேளுங்கள். சிரப், நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் தரும் கருவி) மட்டும் என்றால் வார்டிலேயே கற்றுக்கொள்ளலாம். சிரப்பைச் சமையல் கரண்டியில் அளக்காமல், ஊசியில்லாத சிரிஞ்சில் கோடு பார்த்து எடுத்துக் கன்னத்தின் உட்புறம் மெல்ல விடுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கி, முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐ எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.

குழந்தையின் மனம்: புது முகம் கண்டால் அழும், பாட்டி மடியில் மருந்து தானாக இறங்கும். அதே பாட்டிதான் ஜுரம் விட்டதும் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிடுவார்!

தூரம்: நர்ஸ் இருந்தாலும் ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் குறையாது. குழாயோடு வரும் குழந்தைக்கு நர்ஸ் வையுங்கள், முதல் வாரம் சேலத்து உறவினர் வீட்டில். மற்றவர்களுக்கு அம்மாவும் பாட்டியும் காலண்டரில் எழுதிய மருந்து நேரமும் போதும்.