சிலுவையில இருந்தது ஆர்? நானாவின்ர கதையும் எங்கட கதையும்

2024 பெரிய வெள்ளி றமழான் நோன்புக்குள்ள வந்தது, மார்ச் 29. அதுக்கு முதல் ரெண்டு வருசமும் அப்பிடித்தான் வந்தது, எண்டாலும் அந்த வருசம்தான் எங்கட வீட்டில கதை முத்தினது. செட்டிகுளம் வெயில் தெரியும்தானே, சிலுவைப் பாதை முடிஞ்சு வந்து வாடிப்போய் விறாந்தையில இருக்கிறன், டயர் கடை நானா கஞ்சி வாளியோட வாறார். வந்த உடனயே "தம்பி யோசிக்காத, இது இறைச்சி போட முதல் தனியா எடுத்து வச்சது" எண்டார். எங்களுக்கு அண்டைக்கு ஒருசந்தியும் (ஒருநேரச் சாப்பாடு) சுத்தபோசனமும் (இறைச்சி இல்லை) எண்டு அவருக்கு வடிவாத் தெரியும். ஆள் பிறந்தது மன்னார்ப் பக்கம் விடத்தல்தீவு. 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க பதினொரு வயசு, புத்தளத்தில வளந்து பிறகுதான் இஞ்சால வந்தவர். சின்னனில கோயில் மதில்ல ஏறி இருந்து பாடுகளின்ர நாடகம் பாத்தவராம், சவுக்கால அடிக்கிற இடம் வந்தா வீட்ட ஓடிப்போயிடுவாராம்.

"அண்டைக்குப் பயத்தில ஓடினன். இப்பவெண்டா அது ஈஸா நபியே இல்லை எண்டு சொல்லிப்போட்டு இருந்து பாப்பன்" எண்டு சிரிச்சார். ஈஸா நபி எண்டா எங்கட யேசு. சிலுவையில தொங்கினது அவரோ வேற ஆளோ எண்ட கதை அங்க தொடங்கினதுதான்.

யூடியூபில இதுக்கெண்டு மணித்தியாலக் கணக்கா டிபேட் கிடக்கு, ரெண்டு பக்கமும் மைக்கை விழுங்கிற மாதிரிக் கத்துறாங்கள், பாத்து முடிய தலையிடிதான் மிச்சம். நான் ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கிறன். நான் வேதக்காரன், கத்தோலிக்கன், அதை முதலே சொல்லிப்போடுறன், பிறகு தராசு சரிஞ்சு கிடக்கு எண்டு வரக்கூடாது.

ஒத்துப்போற இடம் கனக்க. மாதா கன்னியா இருந்து பெத்தது, குருடருக்குப் பார்வை குடுத்தது, செத்தவரை எழுப்பினது, மேல எடுக்கப்பட்டது, திரும்பி வரப்போறது எல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கு. குர்ஆனில பேர் சொல்லி வாற ஒரே பொம்பிளை மர்யம், எங்கட மாதாதான், 19ஆவது சூராவுக்கே, அதாவது அதிகாரத்துக்கே, அவவின்ர பேர். நானா இதைச் சொன்ன நாளில இருந்து அம்மா அவருக்கு ஊத்துற தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டி கூட.

பிரியிற இடம் நாலாவது சூரா அந்நிஸா, 157உம் 158உம். அவையள் அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில அறையவும் இல்லை, அவையளுக்கு அப்பிடித் தோணப்பண்ணினது, அல்லாஹ் அவரைத் தன்னட்ட உயர்த்திக்கொண்டான், இவ்வளவுதான் விசயம். அவரின்ர சிலுவைச் சாவைப் பற்றி முழுக் குர்ஆனிலயும் நேரடியாக் கதைக்கிற இடம் இது ஒண்டுதான். 'தோணப்பண்ணினது' எண்டதுக்கு அரபியில ஷுப்பிஹ லஹும், ரெண்டே ரெண்டு சொல், ஆரை ஆர் மாதிரி எண்டு அதில இல்லை. அதால விளக்கம் எழுதினவை ஆளுக்கொரு கதை வச்சிருக்கினம். தபரி, 923இல மௌத்தானவர் (காலமானவர்), கேள்விப்பட்ட கதையளை எல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கிறார். எனக்குப் பதிலா என்ர சாயலை எடுக்க ஆர் தயார் எண்டு ஈஸா நபி கேக்க ஒரு சீடன் தானா எழும்பி வந்தான் எண்டது ஒண்டு, காட்டிக்குடுத்தவனின்ர முகமே மாறி அவன்தான் தொங்கினான் எண்டது இன்னொண்டு. சிலுவை சுமந்த சீமோன்தான் அது எண்டு சொல்லுறவையும் இருக்கினம். சீமோன் எண்டவுடன எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா அண்டைக்குக் காலமைதான் சிலுவைப் பாதையின்ர அஞ்சாம் நிலையில அந்த ஆளுக்கு முன்னால முழங்காலில நிண்டிட்டு வந்திருக்கிறன்.

இந்த ஆள்மாறாட்டக் கதையை வெளியில இருக்கிறவை கேட்டா மாயாஜாலம் எண்டு நினைப்பினம். வன்னிச் சனத்துக்கு அது மாயாஜாலம் இல்லை. ஆமிக்கு ஆள் காட்டிக்குடுக்கிற தலையாட்டி வந்து நிண்ட காலத்தை எங்கட பக்கம் ஆர் மறந்தது, சாக்குக்குள்ள ஒரு தலை, ரெண்டு ஓட்டை, வரிசையில நிக்கிற பெடியளில ஒருத்தனுக்கு முன்னால அந்தத் தலை ஆடினாச் சரி, அவனுக்கும் விசயத்துக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ ஏத்திப்போடுவாங்கள். அதால நான் நானாவிட்டக் கேட்டன், காட்டிக்குடுத்தவனெண்டா அவனுக்கு வேணும் எண்டு சொல்லலாம், சும்மா வந்த ஒருத்தன் மாட்டினதெண்டா அவன் என்ன பாவம் செய்தவன் எண்டு. நானா உடன, "அதுதான் தம்பி, தானா முன்னுக்கு வந்த சீடன் எண்ட கதைதான் எனக்குப் பிடிச்சது" எண்டார். முஸ்லிம் அறிஞருக்குள்ளயே இதைக் குடைஞ்சவை இருந்திருக்கினம். 1210இல மௌத்தான ராஸி, ஒருத்தரின்ர சாயலை இன்னொருத்தரில போடலாமெண்டா கண்ணால காணுற எந்த ஆளையும் எப்பிடி நம்புறது எண்டு கேள்வியைத் தானே வச்சு, தானே மறுமொழியும் எழுதினவர். எனக்கு அந்த மறுமொழியளை விடக் கேள்விதான் பலமாத் தெரியுது.

எங்கட பக்கம் நேர்மாறு, கதை நிறைஞ்சு வழியுது. நாலு சுவிசேசத்திலயும் இருக்கு. மாற்குவில மொத்தம் 16 அதிகாரம், 11ஆம் அதிகாரத்தில இருந்து முடியுமட்டும் அந்தக் கடைசிக் கிழமையும் உயிர்த்ததும்தான். அதுகளுக்கும் முதல் பவுல் கொரிந்தியருக்குக் கடிதம் எழுதேக்க, சம்பவம் நடந்து ஒரு இருபத்தஞ்சு வருசம்தான் இருக்கும், கிறிஸ்து செத்தார், அடக்கம் பண்ணினது, மூண்டாம் நாள் எழும்பினார் எண்டு தனக்குச் சொல்லித்தந்ததைத் திருப்பிச் சொல்லுறார். விசுவாசப் பிரமாணத்தில மாதாவுக்கு அடுத்ததா வாற மனிசப் பேர் போஞ்சு பிலாத்து, இந்தக் கவர்னரின்ர காலத்திலதான் நடந்தது எண்டு முத்திரை குத்தி வச்ச மாதிரி. வெளி ஆக்களில ரோமன் தசித்துஸ் 116 அளவில எழுதினதிலயும் இந்தச் சாவு வருது. யூத எழுத்தாளர் ஜோசேப்பஸின்ர புத்தகத்திலயும் வருது, அந்தப் பந்தியில பிறகு வந்த கிறிஸ்தவக் கை பட்டிருக்கு எண்டதையும் மறைக்காமச் சொல்லவேணும். 1968இல ஜெருசலேமில ஒரு கல்லறைக்குள்ள ஆணி ஏறின குதிக்கால் எலும்பு எடுத்தவங்கள், அது வேற ஆளின்ர, எண்டாலும் அந்தக் காலத்து ஆணி எப்பிடி ஏறினதெண்டு காட்டுது.

அதால வரலாறு எண்டு மட்டும் பாத்தா எங்கட பக்கம்தான் கனதி, இதில நான் வழுக்கமாட்டன், குர்ஆன் வந்தது 600 வருசம் பிந்தி. ஆனா நானா சொன்ன மறுமொழியைத் தட்டவும் ஏலாது. பாத்தவைக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது எண்டு குர்ஆனே சொல்லுது, பிறகு பாத்தவை எழுதினதைக் கொண்டந்து காட்டி என்ன செய்யிறது? சாட்சியால தீராத வழக்கு இது. வாட்ஸ்அப்பில, யூதாஸ்தான் தொங்கினான் எண்டு சொல்லுற பர்னபா சுவிசேசம் எண்டு ஒண்டு சுத்துது, அதை வச்சு வாதாடுறது வீண்வேலை, இத்தாலி மொழியில கிடைச்ச 16ஆம் நூற்றாண்டுப் பிரதி அது, நானாவே அதை விட்டிட்டார். எங்கட ஆக்களின்ர வீண்வேலையும் இருக்கு. 180 அளவில இரேனேயுஸ் எண்ட ஆயர், சீமோன்தான் தொங்கினான் எண்டு பசிலிதேஸ் எண்ட ஞானவாதப் போதகரின்ர ஆக்கள் படிப்பிக்கினம் எண்டு எழுதினவர், அதைத் தூக்கிக்கொண்டு வந்து குர்ஆன் கொப்பி அடிச்சது எண்டுவினம். ஒரே மாதிரி இருந்தாப்போல கொப்பியோ?

ஆணி ஏறினதோ இல்லையோ எண்டதை விடப் பெரிய பிளவு, ஏன் ஏறவேணும் எண்டதில. எங்களுக்குச் சிலுவை இல்லாட்டி ஒண்டுமே இல்லை, ஆதாமில தொடங்கின பாவக் கடனை அவர் கட்டினார். நானாவுக்கு அப்பிடி ஒரு கடனே இல்லை. ஆதம் நபி தௌபா செய்தார், பாவமன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னிச்சான், கணக்கு அங்கயே முடிஞ்சுது, ஒருத்தரின்ர சுமையை இன்னொருத்தர் சுமக்கமாட்டினம் எண்டு ஆறாவது சூராவில இருக்கு. சாகாத நபிக்குச் சிலுவை தேவையில்லை, மன்னிச்சு முடிஞ்ச பாவத்துக்குப் பலி தேவையில்லை. நபியைக் கொல்ல அல்லாஹ் விடமாட்டான் எண்டு சில பேர் ஒரு நியாயம் சொல்லுவினம், அது மட்டும் எடுபடாது, நபிமாரைக் கொலை செய்ததைக் குர்ஆனே பல இடத்தில சொல்லிக் கண்டிக்குது. ஈஸா நபியின்ர விசயத்தில தப்ப வச்சான் எண்டதுதான் அவையின்ர பிடி. எங்கட பிடி மற்றப் பக்கம். "என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்" எண்டு அவர் கத்தின சத்தத்தைச் சுவிசேசம் எழுதினவை வெக்கப்பட்டு மறைக்கேல்லை, அரமேயச் சொல்லோடயே எழுதி வச்சிருக்கினம்.

திரும்பி வாறதும் ரெண்டு விதம். நாங்கள் நடுத்தீர்க்க வாறார் எண்டுறம். அவையின்ர ஹதீஸில, நபிமொழித் தொகுப்பில, டமஸ்கஸுக்குக் கிழக்கில வெள்ளை மினாராவுக்குப் பக்கத்தில இறங்கி, கடைசிக் காலத்தில வாற பொய்யன் தஜ்ஜாலைக் கொலை செய்து, சிலுவையை உடைச்சு, ஆட்சி செய்து, பிறகுதான் மௌத்தாவார். சிலுவையில ஏறினார், மயங்கித் தப்பி காஷ்மீர் போய்ச் செத்தார் எண்டு அஹ்மதியாக்கள் (கன முஸ்லிம் சனம் ஏற்காத பிரிவு) சொல்லுறதை நானாவிட்ட எடுத்தன், "அந்தக் கதை இஞ்ச வேண்டாம் தம்பி" எண்டு வாளியைத் தூக்கிட்டார்.

குசினிக்குள்ள இருந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அப்பத்தான் வெளியில வந்தவ. "நானா, அது வேற ஆளெண்டா மாதா ஆருக்காக அழுதவ?" அவ்வளவுதான் கேட்டவ. நானாவுக்கு வாய் வரேல்லை. எனக்கும்தான். எங்கட யோவான் சுவிசேசத்தில தாய் சிலுவைக்குக் கீழ நிக்கிறா, குர்ஆனின்ர அந்த ரெண்டு வசனத்திலயும் தாயைப் பற்றிக் கதையே இல்லை. சந்தேகம் எனக்கும் வந்தது, பெத்த தாய்க்குமோ தெரியாமப் போகும்?

பெருநாள் முடிஞ்சு வட்டிலப்பம் கொண்டந்த அண்டைக்குத்தான் நானா மறுமொழியோட வந்தார், மௌலவியிட்டக் கேட்டிருக்கிறார். குர்ஆனில இல்லை, பழைய கால அறிவிப்பாளர் வஹ்ப் இப்னு முனப்பிஹ் சொன்னதெண்டு தபரி எழுதி வச்ச கதை. மர்யமும், ஈஸா நபி பைத்தியம் தெளிய வச்ச இன்னொரு பொம்பிளையும் சிலுவையில தொங்கினவருக்குக் கிட்ட வந்து அழுகினம். தாய்க்கும் அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கு. அப்ப ஈஸா நபியே அவையிட்ட வந்து ஏன் அழுறியள் எண்டு கேக்கிறார். உனக்காகத்தான் எண்டினம். அல்லாஹ் என்னை உயர்த்திட்டான், எனக்கு நல்லதைத் தவிர ஒண்டும் நடக்கேல்லை, இது அவையளுக்குத் தோணப்பண்ணினது எண்டு சொல்லுறார். எனக்கு மேல் கூசிட்டுது, ஏனெண்டா யோவான் 20இல உயிர்த்தவர் கல்லறைக்கு வெளியில மகதலா மரியாளிட்டக் கேக்கிற முதல் கேள்வியும் ஏன் அழுகிறாய் எண்டதுதான்.

நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்க அம்மா கேக்கேல்லை. அவ மாதா சுருவத்துக்குப் பக்கத்தில இருக்கிற அண்ணையின்ர படத்தின்ர கண்ணாடியைச் சீலைத் தலைப்பால துடைச்சுக்கொண்டு நிண்டவ, சண்டை முடிஞ்ச 2009 மேயில பஸ்ஸில ஏத்தினதோட போனவன்.

"வந்து சொன்னவர்தானே நானா" எண்டா. "அப்ப அந்த மனிசிக்குக் காணும்."